ஸ்டேட்டஸ் இலக்கியம்: தகடூர் வட்டார மரபு குறித்து ஓர் ஆய்வு

தமிழில் எழுத்தை ஆராய்ந்தவர்கள் கல்லைப் படித்தார்கள், செப்பேட்டைப் படித்தார்கள், ஓலையைப் படித்தார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் படிக்காதவர் இன்று எவரும் இல்லை, ஆராய்ந்தவரும் இல்லை. 2017 பிப்ரவரியில் வந்த, 24 மணி நேரத்தில் தானாக அழிந்துபோகும் இந்த எழுத்து வகை கலிஃபோர்னியாவில் பிறந்ததாகப் பொதுவாக நம்பப்படுகிறது. அது பிழை. அதன் பிறப்பிடம் தருமபுரி, அதாவது பழைய தகடூர், என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தருமபுரி மாவட்டமே 1965-ல்தான் எங்களிடமிருந்து பிரிந்துபோனது என்று சேலத்துக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள். பிரிந்தது நிர்வாகம், ஊர் அதற்கு முன்பும் இங்கேதான் இருந்தது.

முதலில் இலக்கணம். எல்லோருக்கும் காட்டு, ஒருவருக்குச் சொல், பெயரை விட்டுவிடு. இந்த மூன்றும் கூடினால்தான் ஸ்டேட்டஸ். ஒகேனக்கல்லில் தண்ணீர் வரத்து, பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை, அக்கா மகள் காதுகுத்து ஆகியவை செய்திப் பிரிவைச் சேர்ந்தவை. ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கத்தையும் சேர்க்கவில்லை. அதற்கு அனுப்பியவர் உண்டு, எழுதியவர் கிடையாது.

இவ்வகையின் முதல் ஆசிரியர் ஔவையார். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக அவர் தொண்டைமானிடம் தூது போன கதை புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து பெருமையாகக் காட்டுகிறான். ஔவையார் என்ன செய்கிறார்? உங்கள் வேலெல்லாம் மாலை போட்டு, எண்ணெய் பூசி, எவ்வளவு அழகாக இருக்கிறது. எங்கள் ஆளுடையது நுனி உடைந்து எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கிறது என்கிறார். ஒரு வசவு இல்லை, மிரட்டல் இல்லை. பாராட்டியவர் போலவே விடைபெற்று வந்துவிடலாம். ‘சிலர் பொருளை வாங்கி ஷோகேஸில்தான் வைப்பார்கள்’ என்று இன்று நம் ஆட்கள் எழுதுவது இந்தப் பாட்டின் நேர் வாரிசு.

நேரில் சொன்னது ஸ்டேட்டஸ் ஆகுமா, அதுவும் தொண்டைமான் வீட்டில் நின்று சொன்னது தகடூர்க் கணக்கில் வருமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கே நின்று வைத்தார் என்பது கேள்வியே அல்ல. யாருடைய நம்பரிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. தொண்டைமான் என்ன பதில் சொன்னான் என்பது பாட்டில் இல்லை. பார்த்தான், பேசாமல் இருந்தான். நீல டிக்கை அணைத்து வைத்துவிட்டு அடுத்தவர் ஸ்டேட்டஸை எல்லாம் ஓசையில்லாமல் பார்த்துப் போகும் கூட்டத்துக்கு முன்னோடி யார் என்ற சர்ச்சையை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

அடுத்த சான்று நடுகல். தருமபுரி அரசு அகழ்வைப்பகத்துக்குப் போனால் மாடு மீட்கப் போய் விழுந்தவர்களின் கற்கள் நிற்கின்றன. வாசகம் மிகச் சுருக்கம்: எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர் மாடு, யார் விழுந்தார். அவ்வளவுதான். நடுகல்லில் பெயர் வருகிறதே, இலக்கணம் இடிக்கிறதே என்பீர்கள். இறந்தவர் பெயரைத் தாராளமாகப் போடலாம். திரும்ப போன் பண்ணிக் கேட்கமாட்டார். இக்கற்கள் பலவற்றிலும் உள்ளது இன்றைய தமிழெழுத்து அல்ல, வட்டெழுத்து. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறார்களே என்று இன்று கவலைப்படுவோர், இந்த வட்டாரத்துத் தமிழுக்கு எழுத்து மாற்றிக்கொள்ளும் பழக்கம் பழையது என்று ஆறுதல் கொள்ளலாம்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டுக் கல் ஒன்று இருக்கிறது. (இன்று அது திருவண்ணாமலை மாவட்டம். ஆய்வாளனுக்கு எல்லையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு.) அதில் வீரன் பக்கத்தில் அவன் நாய் நிற்கிறது. பெயர் கோவிவன். எசமான் விழுந்த பிறகு கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் சொல்கிறது. அந்த மகேந்திரவர்மனோ பொழுதுபோக்காக எழுதியவன். ராஜ்ய வேலைக்கு நடுவே ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். அதில் ஒரு காபாலிகனின் கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போவது யார்? ஒரு நாய். அரசன் எழுத்தில் நாய் திருடன். அவன் ஆட்சியாண்டைப் பொறித்த கல்லிலோ நாய் திருடனைப் பிடிக்கிறது. கோவிவன் தரப்பின் மறுப்பு ஸ்டேட்டஸாகவே அந்தக் கல்லை நான் வாசிக்கிறேன். இதை ஏற்காதவர்கள் வேறு விளக்கம் தரட்டும்.

நடுகல் நாட்டுவதைத் தொல்காப்பியம் ஆறு கட்டமாகப் பிரிக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. இன்று பின்னணிப் படம் தேடுவது. அதில் அரைமணி போய்விடும். படைத்துச் சிறப்பிப்பது பெரும்படை, அதாவது ஹார்ட். கடைசியில் வாழ்த்து, அதாவது ‘செம மச்சி’. நடுவில் வருகிற நீர்ப்படைதான் நம் ஆய்வுக்கு உயிர். கல்லை நீராட்டிச் சுத்தம் செய்வது. ஸ்டேட்டஸைப் பொறுத்தவரை, எழுதியதை அழித்து அழித்து எழுதுவது.

இதைக் கண்ணால் பார்க்கப் பாலக்கோட்டில் என் சித்தப்பா மகன் வாய்ப்பளித்தான். தக்காளிக்கு மருந்தடிக்கிற டேங்கை ஒரு பங்காளி வாங்கிப் போய் மாதக்கணக்கில் தரவில்லை. களத்துமேட்டில் உட்கார்ந்து தம்பி முதலில் தட்டியது, ‘டேங்க் எப்படா தருவ?’ அழித்தான். ‘பங்காளினு நம்பிக் குடுத்தேன்.’ பங்காளி என்றால் பன்னிரண்டு பேர் கேட்பார்கள் என்று அதையும் அழித்தான். அப்புறம் மருந்து போயிற்று, தக்காளி போயிற்று, கடைசியில் டேங்க்கே போயிற்று. மிஞ்சியது இது: ‘குடுத்தத மறந்தவன் மனுஷன். வாங்குனத மறந்தவன்…’ மூன்று புள்ளி. அதற்கு மேல் சூரியன் மறைகிற படம்.

“ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுதுடா.”

“கேட்டா டேங்க் வந்துரும்ணா. மனசு ஆறாதே.”

எழுத்து எதற்கு என்று பக்கம் பக்கமாக விவாதித்தவர்கள் இந்தப் பதிலைப் பரிசீலிக்க வேண்டும். அவன் முகத்தில் அப்போது கோபம் இல்லை. மூன்று புள்ளி வைப்பதா, கேள்விக்குறி வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தவனிடம் கோபம் தங்குமா? கோபத்தில் வைத்த ஸ்டேட்டஸும் யோசித்து வைத்த ஸ்டேட்டஸும் வேறு வேறு சாதி. முதலாவது இரவு பதினொன்றுக்கு வரும், காலையில் காணாமல் போயிருக்கும். இரண்டாவது முழு 24 மணி நேரமும் நிற்கும். வைத்தவன் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ‘பார்த்தவர்கள்’ பட்டியலைத் திறந்து அந்த ஒரு பெயர் வந்துவிட்டதா என்று தேடுவான்.

வாசகர் ஏற்பு என்று கோட்பாட்டாளர்கள் சொல்வது இதற்குப் பிறகு நடந்தது. முதல் போன் அவனுடைய சித்தியிடமிருந்து.

“ஏன்டா, போன பொங்கலுக்கு வாங்குன அண்டாவுக்கா இப்படி ஊர் பூரா பாக்கற மாதிரி போடுவ?”

“ஐயோ, உங்களச் சொல்லல சித்தி.”

“பின்ன யாரச் சொன்ன?”

இதற்குப் பதில் சொன்னால் இலக்கணம் கெட்டுவிடும். தம்பி சொல்லவில்லை. இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தவை: சித்தி வாங்கிப்போன அண்டா, ஒரு ஹெல்மெட், கடப்பாரை, அவனே கொடுத்ததை மறந்துவிட்ட ஐந்நூறு ரூபாய். குறி வைத்த ஆளைத் தவிர மற்ற எல்லோர் மீதும் சரியாகப் பாய்ந்திருக்கிறது. அந்தப் பங்காளி பார்த்ததற்குச் சான்று உண்டு: ஒரு ஹார்ட் போட்டு, ‘உண்மதான் பங்காளி, காலம் கெட்டுப்போச்சு’ என்று கீழே எழுதியிருந்தார்.

மறுநாள் அவரே அதே வாசகத்தை, அதே மூன்று புள்ளியோடு, சூரியனுக்குப் பதில் சிங்கம் போட்டுத் தன் ஸ்டேட்டஸாக வைத்தார். யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. தம்பி அதைப் பார்த்துவிட்டு, அவருடைய பொருள் ஏதாவது நம் வீட்டில் கிடக்கிறதா என்று மாட்டுக்கொட்டகை வரைக்கும் தேடிக்கொண்டிருந்தான்.