பட்டி பார்த்த பத்மினி

பழைய கார் வைத்திருப்பவன் வீட்டில் காந்தம் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி உருவத்தில் ஒன்று இருந்தது. பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிவனே என்று கிடந்ததை நான்தான் பிடுங்கி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, கீழே பார்க்கிங்கில் நின்ற பிரீமியர் பத்மினிக்கு நாடி பார்க்கப் போனேன். அடியில் இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும். பட்டி இருந்தால் விழும். பானெட்டில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. கதவின் மேல்பாதியில் ஒட்டியது. கீழ்ப்பாதிக்கு வந்ததும் ஸ்ட்ராபெரி தரையில். பின்சக்கர வளைவில் வைத்தேன், தரையில். கதவைத் திறந்ததும் கால் வைக்கிற படி இருக்கிறதே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஓடுவது, அங்கே குனிந்து பொறுக்கியதுதான் மிச்சம். முதல் மாடிக் காகா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்று மராத்தியில் அன்பாக விசாரித்தார்.

ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஆர்.சி. புத்தகத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. அது மாமனார் வண்டி. புனே கட்கியில் (பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் கிர்க்கிதான்) 1869ல் வெள்ளைக்காரன் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். பணத்தைக் கட்டிவிட்டுக் காருக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த அந்தக் காலத்தில், 1976ல் அவர் வீட்டுக்கு வந்த பத்மினி. என் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டது அதில். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியரை, வளையல் சத்தம்கூட வராமல் மாற்றுவாள். நான் கல்யாணமான புதிதில் அதே தடியை வைப்பர் சுவிட்ச் என்று நினைத்தவன். மாமனார் பின்சீட்டில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எனவே காந்தம் விழுந்த செய்தியை மாடிக்குப் போய்ச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டியில் துரு என்றால் அது வம்சத்தின் மேல் விழுந்த பழி.

"எங்கப்பா வெச்சிருந்தப்போ ஒரு பொட்டு துரு கிடையாது."

"அப்ப யாருக்குமே தெரியல."

"இல்லாதது எப்படிங்க தெரியும்?"

இதற்குப் பதில் கிடையாது. இருக்கிற துருவை வெட்டி எடுத்து, வண்டியை முன்னைவிட உறுதியாக்கி, மாமனார் மானத்தைக் காப்பது என்று நான் தீர்மானித்தேன். அதுவும் வீட்டிலேயே. சமையலறைக் குழாயில் வாஷர் மாற்ற ஆள் தேடுகிறவன் எடுத்த தீர்மானம் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செலவுக்கு முன்னுதாரணமும் கையில் இருந்தது. லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது 12,000 ரூபாய் ஃபியட் காருக்காகப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். அவர் போன பிறகு மனைவி லலிதா தம் ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார். இதை உருக்கமாக எடுத்துச் சொன்னேன். "கடைசியில யார் அடைச்சாங்கன்னு கவனிச்சீங்களா?" என்றாள்.

அந்த ஃபியட்டும் எங்கள் பத்மினியும் ஒரே வம்சம். சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹிராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் கார்களைச் செய்துவந்தது. 1964ல் 1100 டிலைட், 1974ல் அதற்கே பத்மினி என்று சித்தூர் ராணியின் பெயர். எஞ்சின் 1089 சி.சி. இதெல்லாம் பார்ட்டியில் சொல்லப் பயன்படும். வெட்டப் போகிறவனுக்கு வேண்டிய தகவல் வேறு: இந்த வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. ஜீப்பிலும் லாரியிலும் கீழே கனமான சட்டம் ஒன்று கிடக்கும்; பாடி அதன் மேல் சவாரி செய்யும். பாடி துருப்பிடித்தால் அழகு போகும், அவ்வளவுதான். பத்மினியில் பாடிதான் எலும்பு. நாம் அலட்சியமாகச் செருப்புக்காலை வைத்து ஏறுகிற படிதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் காந்தம் கீழே விழுந்த இடம் அதுதான்.

மிஸ்திரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஒப்புக்கொண்டார். சோடாபுட்டிக் கண்ணாடி, வாயில் தம்பாக்கு, ஐம்பது வருஷ டிங்கரிங். அதற்குள் நான் மங்கள்வார் பேட்டை ஜூனா பஜாருக்குப் போய் (ஞாயிறும் புதனும் கூடும்) சுத்தியல், உளி, தட்டுக்கட்டை என்று ஒரு சாக்கு நிறைய வாங்கிவைத்திருந்தேன். அவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்து, ஒரு சுத்தியலை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார்.

உறுதி என்பதைப் பற்றி எனக்குத் தெளிவான கொள்கை இருந்தது: கனமாகப் போடு. பழைய தகடு 20 கேஜ் என்றால் நாம் 14 போடுவோம். (கேஜில் நம்பர் இறங்க இறங்கத் தகடு தடிமன் ஏறும் என்பதை நான் அந்த வாரம்தான் கற்றிருந்தேன், கற்ற சூட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.) மிஸ்திரி தம்பாக்கைத் துப்பிவிட்டு, தேநீரோடு வந்த சித்தளே பாக்கர்வடி அட்டைப்பெட்டியைக் கேட்டார். பாக்கர்வடியைத் தட்டில் கொட்டினார். மூடியில்லாத பெட்டியின் இரு முனையையும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். பெட்டி குழைந்தது. மூடியைப் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, என் கையில் கொடுத்தார். "முறுக்குங்க காகா." முறுக்கினேன். முறுக்கிக்கொண்டது என் மணிக்கட்டுதான்.

"அதே அட்டை. கனம் ஏறலையே. நாலு பக்கமும் மூடியாச்சு, அவ்வளவுதான். படியும் பெட்டி. ஒரு பக்கம் துரு தின்னா மூடி போன பெட்டி. நீங்க கனத் தகட்டை வெச்சா, கனம் முடிஞ்சு மெலிசு தொடங்குற இடத்துல இழுவை எல்லாம் வந்து குவியும். அங்கே கிழியும்."

இதைக் கேட்டுக்கொண்டு காலை நடையாளர்கள் நின்றார்கள். எங்கள் குடியிருப்பு கோத்ரூட் பக்கம், வேதாள் டேக்டியின் அடிவாரத்தில். டேக்டியின் சரிவில்தான் வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, 1966ல் தொடங்கியது. பிம்ப்ரியில் டாட்டா, ஆகுர்டியில் பஜாஜ். ஆக, இந்த ஊரில் காலை ஆறு மணிக்கு டேக்டி ஏறுகிற கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாகனப் பொறியாளர் இல்லாத வரிசையே கிடையாது. ஒருவர் முறுக்கு விறைப்பு எத்தனை என்று கேட்டார். இன்னொருவர், "கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுப் பார்த்தீங்களா?" என்றார். மிஸ்திரி பாக்கர்வடிப் பெட்டியைக் காட்டினார். அவர் அதை வாங்கி முறுக்கிப் பார்த்து, "கரெக்ட்" என்று சொல்லிவிட்டு மலையேறினார்.

கிரைண்டர் ஓடத் தொடங்கிய அன்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. புனேக்காரர்கள் வாயால் சண்டை போடுவதில்லை, எழுதி ஒட்டுவார்கள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், கையெழுத்துப் போட்டவர் யாரும் இருக்க மாட்டார். "பார்க்கிங் என்பது வண்டி நிறுத்தும் இடம். வண்டி உற்பத்தி செய்யும் இடம் அன்று; அதற்குப் பிம்ப்ரியில் போதுமான வசதி உண்டு. மேலும், மதியம் 1 முதல் 4 வரை இங்கே மனிதர்கள் தூங்குகிறார்கள்." அன்றிலிருந்து 1 முதல் 4 வரை மிஸ்திரியும் தூங்கினார், எங்கள் ஹாலில், என் சோஃபாவில்.

வெட்டுவதற்கு முன் மிஸ்திரி செய்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றினார். சீட்டுகளையும் மிதியடிகளையும் வெளியேற்றினார். வண்டியின் எடை அச்சுகளின் மேல் நிற்கும்படி நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து மட்டம் பார்த்தார். கதவுகளைக் கழற்றிவிட்டு, வாசலின் குறுக்கே சதுரக் குழாய்களைப் பற்றவைத்தார். இதைச் செய்யாமல் படியை வெட்டினால் வண்டியின் இடுப்பு தொங்கிவிடும். அப்புறம் அந்தக் கதவு அந்த வாசலில் ஜென்மத்துக்கும் உட்காராது. ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கைவைக்க வேண்டும். என் பங்கு, பிடிப்பது. டார்ச், தகடு, ஈரத்துணி, மணல் வாளி. சென்னைச் சொந்தக்காரர்களிடம் ஃபோனில், "ஆள் கிடைக்கறதில்லை, நானே பண்றேன்" என்று சொன்னதும் அந்த நாட்களில்தான்.

இடது படியின் வெளித்தோலை உளி வைத்துப் பெயர்த்தோம். முதலில் பெயின்ட். அதற்கடியில் வேறொரு நிறப் பெயின்ட். அப்புறம் விரல் கனத்துக்குப் பட்டி. அதையும் உடைத்த பிறகு தார். மழைத் தண்ணீர் புகாமலிருக்க யாரோ பூசிய தார், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற இருந்த அடித்துளைகளையும் சேர்த்து அடைத்திருந்தது. நாலு மாத மழையும் டேக்டிச் செம்மண்ணும் அதற்குள் குடியிருந்து சாவகாசமாக இரும்பைத் தின்றிருக்கின்றன. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் வெளியே பெயின்ட் கொப்புளம் கட்டுகிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே விருந்து முடிந்திருக்கும்.

தாருக்கும் அடியில், வரிசையாக ரிவெட் அடித்த ஒரு தகடு. மிஸ்திரி ஈரத்துணியால் துடைத்தார். மஞ்சள் நிறம் வந்தது. இன்னும் துடைத்தார். பச்சையாக ஒரு பனைமரம் எழுந்தது.

டால்டா டின்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆயுளைக் கழித்தவர். வீட்டில் யாராவது தீப்பெட்டியை உரசினாலே தலையைத் திருப்பிப் பார்ப்பவர். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் வெல்டிங் நெருப்பை விட்டிருப்பாரா? பக்கத்து அடுப்படியிலிருந்து டின்னை எடுத்து, வெட்டி, ரிவெட் அடித்து, தார் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை வருஷம் எங்கள் குடும்பம் வனஸ்பதியின் மேல் கால்வைத்து ஏறியிருக்கிறது. மாமனார் மேல் எனக்கு முதல்முறையாகச் சொந்தம் பிறந்தது. கூடவே அற்பமான ஒரு வெற்றிக் களிப்பு. இந்த மாதிரி சந்தர்ப்பம் மாப்பிள்ளைகளுக்கு எத்தனை முறை வாய்க்கும்? மனைவியைக் கீழே கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தாள். பனைமரத்தை விரலால் தடவினாள்.

"பாத்தீங்களா, அப்பா அப்பவே பலப்படுத்தி வெச்சிருக்கார்."

மிஸ்திரி என்னைப் பார்க்காமல் கிரைண்டரைப் பார்த்தார்.

இதில் ஒரு சட்டப் பிரச்சினையும் முளைத்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், பாடியிலும் எஞ்சினிலும் மாறுதல் இருக்கக் கூடாது. டால்டா டின் அசல் வடிவத்தில் சேருமா என்று நான் கவலைப்பட்டேன். கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுது தவிர விண்டேஜ் வண்டியைச் சாதாரண ஓட்டத்துக்குச் சாலையில் இறக்கக் கூடாது என்ற வரியைப் படித்ததும் மனைவி பேச்சை முடித்துவிட்டாள். "காய்கறி வாங்கப் போக முடியாதா? அப்ப வேண்டாம்."

குர்லாப் பழைய இரும்புக் கடைகளில் படிக்கான தகடு கிடைக்கலாம் என்றார்கள். பம்பாயின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டன. 2003ல் பதிவான கடைசி வண்டிக்கும் இருபது வயது முடிந்துவிட்டது. ஆனால் டாக்சிக்காரரின் படி எந்த எண்ணெயின் டின்னில் செய்ததோ! மிஸ்திரி புதுத் தகட்டையே வளைத்தார். அசல் கனம், அசல் வளைவு. உள்ளே பிணைப்புத் தகடு, ஜாக்கி வைக்கிற இடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு தாங்கல். ஒட்டுகிற ஓரங்களில் துத்தநாக பிரைமர். சி.ஓ.டூ வெல்டிங்கில் கோடு இழுக்கவில்லை; மெல்லிய தகடு சூட்டில் அலையடித்துவிடும். இங்கே ஒரு பொட்டு, கையெட்டும் தூரத்தில் ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு. அடித்துளைகளைத் திறந்துவிட்டு, பெயின்ட் காய்ந்த பிறகு உள்ளே மெழுகு பீய்ச்சினார். கதவை மாட்டி விரலால் தள்ளினார். டப். ஒரே சத்தம், அடக்கமாக. தள்ளுவதற்கு என்னையும் அனுமதித்தார்.

டால்டா தகட்டை மனைவி விம் போட்டுத் தேய்த்து, ஷோகேஸில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

முதல் ஓட்டம் கட்கி வரை. அவள் ஓட்ட, நான் பின்சீட்டில், மாமனாரின் இடத்தில். கர்வே ரோடு முனையில் பிரேக் போட்டாள். என் காலடியில், இடது படிக்குள், பின்னாலிருந்து முன்னால் ஏதோ ஒன்று கடகடவென்று உருண்டு போய் 'ணங்' என்று நின்றது. வண்டி கிளம்பியதும் அதே சாமான் அதே நிதானத்தோடு பின்னால் வந்தது. மிஸ்திரியின் உளி என்பது என் கட்சி. "காகாவோட பத்து நம்பர் ஸ்பேனர்" என்பது மிஸ்திரியின் கட்சி. மனைவி மிஸ்திரியின் பக்கம். நாலு பக்கமும் பற்றவைத்து மூடிய பெட்டி. மறுபடியும் வெட்டினால்தான் உண்மை தெரியும், வெட்ட அவள் விடமாட்டாள்.

மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் புது நோட்டீஸ்: "ஃபியட் உரிமையாளர் மதியம் 1 முதல் 4 வரை வண்டியை நகர்த்த நேர்ந்தால், உள்ளே உருளும் பொருளை முதலில் தூங்கவைக்கவும்."