வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்மணி இந்த நாட்டில் யார் என்பது, அவர் எந்த வாசலில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. உணவுப் பாதுகாப்புத் துறையின் வாசலில் அவர் வணிகர். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இல்லாமல் ஒரு கப்கேக்கூட விற்கக் கூடாது. மார்ச் 8-ஆம் தேதி மேடையில் அவர் ‘பெண் தொழில்முனைவோர்’. சால்வை உண்டு, குரூப் போட்டோ உண்டு. மார்ச் 9-ஆம் தேதி கடன் கேட்டு வங்கிக்குப் போனால், “வீட்லதானம்மா இருக்கீங்க? சாரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க.” ஸ்டாண்ட் மிக்சர் விற்கிறவர்களிடம் மட்டும் அவருக்கு இரட்டை வேடம். கார்டைத் தேய்க்கும் வரை நாளைய பேக்கரி முதலாளி. மிஷின் நின்ற மறுநாள் வாரண்டி விதியை மீறிய குற்றவாளி.

ஏனென்றால் வாரண்டி அட்டையில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் மூன்றடுக்குக் கேக் நிற்கும். பின்னால் டெலிவரிக்குக் கட்டிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். வாரம் இருபது ஆர்டர் எடுக்கலாம் என்று ஆசை காட்டுவதும் அவர்கள்தான். இருபது ஆர்டர் எடுத்தாயா, அப்படியானால் வாரண்டி கிடையாது என்பதும் அவர்கள்தான். விற்கும்போது தொழில், பழுதானால் குடும்பம்.

சரி, நீடித்து உழைக்கும் மிஷினாகப் பார்த்து வாங்கலாம் என்று கடைக்குப் போகிறீர்கள். “தம்பி, இது எத்தனை வருஷம் உழைக்கும்?” “ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸ் மேடம்!” வயசைக் கேட்டால் செருப்பு சைஸைச் சொல்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட், மிஷின் சுவரிலிருந்து உறிஞ்சும் மின்சாரத்தின் அளவு. அதில் மாவுக்குப் போவது எவ்வளவு, சூடாகவும் சத்தமாகவும் வீணாவது எவ்வளவு என்று எந்தப் பெட்டியும் சொல்லாது. அமெரிக்காவில் ஹோபார்ட் கம்பெனியின் என்50 என்றொரு ஐந்து குவார்ட் மிக்சர் உண்டு. பேக்கரிக்காரர்களும் ஓட்டல்காரர்களும் பல பத்தாண்டுகளாக நம்பும் மிஷின். அதன் மோட்டார் 1/6 குதிரைத்திறன். கணக்குப் போட்டால் 125 வாட்டுக்குப் பக்கம். என்50-இன் எண் தண்டில் வெளிப்படும் வலு, நம் பெட்டியின் எண் வயரில் இழுக்கும் மின்சாரம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத எண்ணைத் தேடிப் பிடித்துத்தான் பெட்டியில் போடுகிறார்கள். என்50-ஐ உழைக்க வைப்பது உலோகக் கியர்களும், மூன்றே மூன்று வேகங்களும், சுமார் 25 கிலோ எடையும். நம் பெட்டிக்குள் இருப்பதோ பத்து வேகம். அதில் ஈஸ்ட் மாவு பிசைய இரண்டாவது வேகத்தைத் தாண்டாதீர்கள் என்று கையேடு எச்சரிக்கும். மீதி எட்டும் எண்ணிப் பார்க்க.

அடுத்த பிரசங்கம் ரீல்ஸில். பரிசாக வந்த மிஷினுக்கு முன்னால் நின்று ஒருவர் மூன்று முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கிறார். “எவ்ளோ ஸ்மூத்தா ஓடுது பாருங்க ஃபிரண்ட்ஸ்!” அம்மா, அது நுரை. அதை ஒரு முள்கரண்டியே அடித்துவிடும், கொஞ்சம் கை வலிக்கும், அவ்வளவுதான். ஒரு கிலோ கோதுமை மாவைப் போட்டுப் பத்து நிமிடம் பிசைந்து காட்டுங்கள் பார்ப்போம். காட்ட மாட்டார்கள். காட்டினால் மிஷினின் தலை மேலும் கீழும் ஆடுவது கேமராவில் விழும். விற்பனைத் தம்பியும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என்பது அப்போது ஞாபகம் வரும்.

ஒருநாள் மாவு பிசையும் கொக்கி நிற்கிறது. மோட்டார் மட்டும் உள்ளே ‘உய்ய்’ என்று சுற்றுகிறது. சர்வீஸ் சென்டரில் மேல் மூடியைத் திறந்தால் கறுத்துப் போன கிரீஸுக்கு நடுவே ஒரு வெள்ளை நைலான் கியர். ஒரு பக்கம் பற்கள் மழுங்கி வழவழவென்று இருக்கின்றன, இன்னொரு பக்கம் இரண்டு பல் உடைந்து கிரீஸிலேயே புதைந்து கிடக்கின்றன.

“கியர் போச்சு மேடம்.”

“மாத்திக் கொடுங்க.”

“பார்ட் வராது.”

“எப்ப வரும்?”

“இந்த மாடலையே நிறுத்திட்டாங்க. எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்களேன், பிங்க் கலர் வந்திருக்கு.”

கியர் உடைந்ததற்குக் கோபப்படாதீர்கள். நல்ல மிக்சரிலும் ஒரு கியரைப் பலி கொடுக்கவே வைப்பதுண்டு. மாவு இறுகிக் கொக்கி சிக்கும்போது, மோட்டார் எரிவதற்கு முன் அந்தக் கியரின் பல் போகும். விலை குறைந்த பாகம் செத்து விலை கூடிய பாகத்தைக் காப்பாற்றும். யோக்கியமான பொறியியல். ஆனால் பலி ஆட்டை உள்ளே கட்டிவைத்தவன் அடுத்த ஆட்டையும் விற்க வேண்டும் அல்லவா? கியரை விற்காமல் மிஷினை மட்டும் விற்பதற்குப் பெயர் பொறியியல் இல்லை, வழிப்பறி.

‘இந்தக் காலத்தில் எதுதான் சார் உழைக்குது’ என்று அவர்களே தத்துவமும் பேசுவார்கள். கிச்சன்எய்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் முதல் வீட்டு மிக்சர் 1919-இல் வந்தது. எடை ஏறத்தாழ 29 கிலோ, விலை 189.50 டாலர். தூக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதை வீட்டுக்கு ஏற்றபடி சிறிதாக்கி, 1937-இல் எக்மான்ட் ஆரென்ஸ் வடிவமைத்த மாடல் கே வந்தது. அதன் முன்முகத் துளையில் இன்று விற்கும் இணைப்புகளும் பொருந்தும். எண்பது வருடத்துக்கு மேல் ஒரு துளையின் அளவை மாற்றாமல் வைத்திருக்க முடியும். மூன்று வருடத்துக்கு ஒரு கியரை ஸ்டாக் வைக்க முடியாதாம்! அமெரிக்காவிலிருந்து மச்சினர் தூக்கி வந்த மிஷின் என்றால் கதை வேறு. அது 120 வோல்ட்டுக்குப் பிறந்தது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கேக்குக்கு முன்பே புகை வரும். வாரண்டி விமானமே ஏறியிருக்காது.

யாரிடம் இந்த வித்தை காட்டுகிறார்கள்? உளுந்தும் அரிசியும் அரைத்தே மோட்டார்களைப் பரீட்சை வைத்த சனங்களிடம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. கிரைண்டர் பெல்ட் அறுந்தால் முக்குக் கடையில் மாற்றலாம். மிக்ஸி கப்ளர் போனால் பாத்திரக் கடையில் கிடைக்கும். காயில் எரிந்தால் கட்டித் தர ஆள் இருக்கிறார். கார்பன் பிரஷ் தேய்ந்தால் அவர் டப்பாவைக் கவிழ்த்து, பொருந்துகிற ஒன்றைத் துழாவி எடுத்து, உப்புத்தாளில் உரசி மாட்டித் தருவார். அதே ஆளிடம் இந்தப் பளபளப்பு மிஷினைக் கொண்டு போனால், திருகாணி ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதற்கு மேல் ஸ்டிக்கர்: ‘பிரித்தால் வாரண்டி ரத்து.’ கம்பெனிக்காரன் தானும் சரி செய்ய மாட்டான், அடுத்தவனையும் விட மாட்டான்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ என்று ஒரு இணையதளம் திறந்தது. பழுதுபார்க்கும் உரிமை வெப்சைட்டாக வந்துவிட்டது, பார்ட்தான் வரவில்லை. ஃப்ரிட்ஜ் எவ்வளவு கரண்ட் தின்னும் என்பதற்கு நட்சத்திரம் ஒட்டத் தெரிந்த தேசத்துக்கு, ஒரு சாதனம் எத்தனை வருடம் தாங்கும், எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று ஒட்டத் தெரியவில்லை. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து வாஷிங் மெஷின், டிவி, செல்போனுக்கெல்லாம் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைப் பத்துக்கு இத்தனை என்று போடவைத்தது. ஸ்டாண்ட் மிக்சர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அப்படி ஒரு எண்ணை அச்சிட முடியும், அச்சிட்டால் எந்தக் கம்பெனியும் செத்துப் போய்விடாது என்பது தெரிந்துவிட்டது.

அதுவரை கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள். கியர் உலோகமா, நைலானா? அது மட்டும் தனியாக என்ன விலை, எத்தனை வருடம் கிடைக்கும்? வாரம் இருபது ஆர்டருக்கு வாரண்டி உண்டா? எல்லாவற்றையும் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு கிலோ கோதுமை மாவைக் கையோடு கொண்டு போய் அங்கேயே பிசையச் சொல்லுங்கள். தலை ஆடினாலோ, தொட்டால் சுட்டாலோ, மாவோடு திரும்பி வந்துவிடுங்கள். தினமும் பிசைகிறவர் என்றால் கடைகளுக்கென்று செய்யும் சிறிய பிளானட்டரி மிக்சரைப் பாருங்கள். பார்க்க லட்சணமாக இருக்காது, பிங்க் கலரும் கிடையாது. வணிக உபயோகத்துக்கே விற்கிறார்கள் என்பதால் நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஒரு விளக்கமும் தருகிறது: சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கினால் அது ‘வணிக நோக்கம்’ ஆகாது. கம்பெனி வக்கீல் உங்களை வியாபாரி என்று சொல்லித் துரத்தப் பார்ப்பார். அந்த வரியை அவருக்கே படித்துக் காட்டுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ‘வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தினார்’ என்று எழுதி நீட்டும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மழுங்கிய கியரை அங்கே விட்டுவிட்டும் வராதீர்கள். கவரில் போட்டு, சாட்சிப் பொருள் என்று எழுதி, எடுத்துக்கொண்டு போங்கள். கியருக்குப் பல் போனது போதும், இந்த முறை வாரண்டி அட்டைக்குப் போகட்டும்.