அழுகைக்கு அட்வான்ஸ்

என்னப்பு, காதுல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு கண்ணைக் கசக்குற? பாட்டு கொன்னுருச்சா? கொல்லட்டும், கொல்லட்டும். ஒங்க அப்பத்தா வெளக்கமாத்தைத் தூக்குனப்பவே பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன பய நீ. அரை நிமிசப் பாட்டுக்கு மூக்கைச் சிந்துறன்னா சும்மாவா!

கேட்டா, “அந்த வயலின் இருக்கே தாத்தா...”ன்னு இழுக்குற. வயலின் என்னடா பாவம் பண்ணுச்சு? அதே வயலினைத்தான் கோயில் கச்சேரியில மணிக்கணக்கா வாசிக்கிறாக. எவன் அழுகுறான்? சுண்டல் எப்பக் குடுப்பாய்ங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுல்ல உக்காந்திருக்காய்ங்க.

ஷெனாயை எடுத்துக்க. வடக்க அது கல்யாண வாத்தியம். நமக்கு நாயனம் எப்பிடியோ அவுகளுக்கு அது அப்பிடி. காசியில பிஸ்மில்லா கான்னு ஒரு மகராசன், அதை ஊதியே 2001ல பாரத ரத்னா வாங்குனாரு. நம்ம சினிமாக்காரவுக அந்த மங்கள வாத்தியத்தைக் கொண்டாந்து, கதாநாயகனோட ஆத்தா கட்டில்ல படுத்து இருமுறப்பல்லாம் ஊத விட்டாக. ஊதி ஊதி, இப்ப அந்தச் சத்தம் கேட்டாலே நம்மாளு “யாருக்கு என்ன ஆச்சு?”ன்னு எந்திரிச்சிர்றான். வடக்கத்திச் சம்பந்தி யாராச்சும் நம்ம பழைய படத்தைப் பாத்தா, சாவு வீட்டுக் காட்சியில மொய்க் கவரைத் தேடுவாரு.

ராகத்துக்கும் இதே கதிதான். நீ மொகத்தைத் தொங்கப் போட்டா ஒங்கப்பன் “முகாரி பாடாதடா”ங்குறான்ல? சபரிக்குக் கெடச்ச பாக்கியத்தை என்னன்னு சொல்லுவேன்னு தியாகராசரு உருகுனது எந்த ராகத்துல தெரியுமா? அதே முகாரிதான். அதுல எங்கிட்டுருந்துடா ஒப்பாரி வந்துச்சு?

அப்ப அழுகை எங்க இருக்குன்னு கேப்ப. ஹெட்செட்டைக் கழத்து, சொல்றேன்.

1976ல அன்னக்கிளி வந்துச்சு. நம்ம பண்ணைப்புரத்து இளையராசாவுக்கு அதுதான் மொதப் படம். அதுல படத்துப் பேருலயே தொடங்குற பாட்டு ஒன்னு, ரெண்டு தரம் வரும். ஜானகியம்மா பாடுனா மனசு துள்ளும். அதே மெட்டை டி.எம்.எஸ். பாடுவாரு, தொண்டை அடைக்கும். 1994ல கருத்தம்மா. ரகுமான் மெட்டு. பொன்னுத்தாயி பாட்டை உன்னிமேனனும் சுஜாதாவும் சேந்து பாடுனா சந்தோசம், சொர்ணலதா ஒத்தையில பாடுனா ஈரக்கொலை நடுங்கும். டெல்லிக்காரன் அந்தப் புள்ளைக்கு விருது குடுத்தது எதுக்கு? அழுகைக்குத்தான். சிரிச்சதுக்கு எவன் மெடல் குடுத்தான்? பாவம், அந்தப் புள்ள 37 வயசுலயே போய்ச் சேந்துருச்சு.

சூட்சுமம் அம்புட்டுத்தான். மொதப் பாதியில ஒன்னையச் சிரிக்க வச்சு, கையில ஒரு மெட்டைக் குடுத்துர்றாய்ங்க. அது அட்வான்சு. நீ இடைவேளையில முறுக்கு வாங்கித் திங்கிற. பொறகு அதே மெட்டு, தபேலாவை நிப்பாட்டிட்டு, நடையைக் கொறைச்சுக்கிட்டு, ஒத்தைப் புல்லாங்குழலோட வாசல்ல வந்து நிக்கும். வசூலுக்கு வந்துட்டாய்ங்கன்னு அர்த்தம்.

மூன்றாம் பிறையில இதை விடப் பெரிய களவாணித்தனம். சீதேவியத் தூங்க வைக்க கமல் ஒரு தாலாட்டுப் பாடுவாரு, யேசுதாஸ் கொரலு. மொதத் தடவை கேட்டப்ப எவனும் அழுகலை. காலை நீட்டிக்கிட்டு சொகமாக் கேட்டோம். கொழந்தப் புத்தியாப் போன பொண்ணை ஒருத்தன் ஒறங்க வைக்கிறான், அதுல அழுகுறதுக்கு என்ன இருக்கு? கடைசியில ரயிலடி. பழைய நெனப்பு திரும்புன அந்தப் பொண்ணுக்கு இவனை யாருன்னே தெரியலை. பிச்சைக்காரன்னு நெனச்சுக்கிருது. இவன் கொரங்கு மாதிரி குதிக்கிறான், கரணம் போடுறான். ரயிலு பாட்டுக்குப் போயிருது. அதுக்குப் பொறவு வீட்டுல வந்து அந்தத் தாலாட்டைக் கேட்டுப்பாரு. ஒரு சுரம் மாறியிருக்காது. ஆனா இப்பக் கேக்குறவன் ரயிலடிக்குப் போயிட்டு வந்தவன். இன்னொன்னு கேளு. அதுதான் கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதுன கடைசிப் பாட்டு. 1981 அக்டோபர்ல அவரு சிகாகோவுல கண்ணை மூடிட்டாரு. படம் வந்தது 1982ல. நாங்க தேட்டர்ல காலை நீட்டிக் கேட்டப்ப, எழுதுன மனுசன் இல்லை.

இது கல்யாண வீட்டுலயும் நடக்கும். 1961ல வந்த பாசமலர்ல எல்.ஆர். ஈஸ்வரி பாடுன கல்யாணப் பாட்டை மைக்செட்டுக்காரன் போட்டான்னு வையி, பந்தியில உக்காந்திருக்குற கெழவிக படத்தோட முடிவை நெனச்சு முந்தானையை எடுத்துரும். கேட்டா ரசத்துல காரம்னு சமாளிக்கும். ரசத்தை இன்னும் ஊத்தியே இருக்க மாட்டான்.

இப்ப வர்ற படத்துல பேரு போடுறப்பவே ஒரு லாரி வயலின் அழுகுது. எதுக்கு அழுகுதுன்னு எனக்கு வெளங்கலை, டைரக்டருக்கும் வெளங்குன மாதிரி தெரியலை. கதாநாயகன் பல்லு வெளக்குனாக்கூட பின்னாடி நாப்பது பேரு நின்னு ராகம் இழுக்குறாய்ங்க. அட்வான்சே குடுக்காம வசூலுக்கு வந்தா எவன்டா குடுப்பான்?

நீ அதுக்கும் மேல. பாட்டை நடுவுல வெட்டுன துண்டைக் கேட்டுப்புட்டு அழுகுற. மொதச் சிரிப்பையும் பாக்கலை, ரயிலடிக்கும் போகலை. எவனோ வாங்குன கடனுக்கு நீ வட்டி கட்டுற.

அதனால ராசா, மொத வேலையாக் கருத்தம்மாவை உக்காந்து முழுசாப் பாரு. சிரிக்க வேண்டிய எடத்துல சிரி, போனை நோண்டாத. ஒங்க அப்பத்தா மொறம் பொடைக்கிறப்ப மொனங்குற பாட்டையும் காதுல வாங்கி வையி, ஓசிதான். பொறவு எந்தப் பாட்டுக்கு வேணும்னாலும் தாராளமா அழு. ஆனா அந்த ஹெட்செட்டைப் பிடுங்கிட்டு, வீட்டுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வச்சு அழு. இந்த மாச ரீசார்ச்சுக்குக் காசு குடுத்தது நானு.