கடைத்தெரு விளிமரபு: போணி முதல் பில் வரை ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. கூப்பிடும்போது எந்தப் பெயரின் ஈறு எப்படி நீளும், எப்படித் திரியும் என்பதையெல்லாம் அது வகுத்துவிட்டது. ஆனால் தி. நகர் ரங்கநாதன் தெருவின் தீபாவளி நெரிசலில் ஒருத்தியை மட்டும் நின்று திரும்ப வைக்கும் விளி எது என்று சொல்லவில்லை. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் மூவரும் இதுபற்றி வாய் திறக்காததால், அவர்கள் பேரம் பேசாமல் வாங்கியவர்கள் என்று கொள்ளலாம். ஆதாரமில்லாமல் கொள்வது இத்துறைக்குப் புதிதல்ல.

2. வகைப்பாடு

சார்: சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்தால்.

ஐயா: வேட்டி கட்டியிருந்தால்.

மேடம்: ஏசி கடைக்குள் மட்டும் செல்லும். வாசற்படி தாண்டினால் காலாவதி.

தலைவரே, பாஸ்: செல்போன் கவர் விற்குமிடத்தில்.

தம்பி: வாங்கமாட்டான் என்று தெரிந்த பிறகு.

அக்கா: தனி இயல் வேண்டும்.

3. அக்கா இயல்

ஐம்பது வயதுக்காரர் கல்லூரிப் பெண்ணைப் பார்த்து, "வாங்கக்கா, சும்மா பாருங்கக்கா, பாக்குறதுக்குக் காசா கேக்கப்போறேன்?" என்கிறார் (நடைபாதை வாய்மொழி, கிளிப் கூடைக்கு இடப்புறம்). இது வழுவா, வழுவமைதியா? உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்ற ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. வயது மயங்குவதற்கு ஆறாவது காரணமாகப் 'போணி'யைச் சேர்க்கப் பவணந்தியார் மறந்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் தாயும் அக்காதான். கூட வந்த பாட்டியும் அக்காதான். ஆக, மூன்று தலைமுறையும் ஒரு கூடையின் முன்னே உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். இதை 'முறைமயக்கம்' என்பார் ஒரு சாரார். 'பெருங்குடும்ப வாதம்' என்பார் மறுசாரார். இரு சாராரும் இதுவரை கிளிப் வாங்கியதில்லை.

இனி, பேரத்தின் போக்கில் விளி திரியுமாறு காண்க. கைப்பை ஒன்றின் விலை 250. பெண் 100 என்கிறாள். "அசலே அதுக்கு மேலக்கா, கட்டுப்படியாகாது." அவள் நகர்கிறாள். "சரி வாங்க, உங்களுக்காக 200." இன்னும் நகர்கிறாள். "என்னம்மா நீ, எவ்ளோதான் குடுப்ப?" அக்கா அம்மாவாகி வயது ஏறியது, நீங்க நீயாகி மரியாதை இறங்கியது. இதனை 'எதிர்விகித விளி' என்க (மேற்படி நடைபாதை, மேற்படி கூடை, மழை தூறியதால் தார்ப்பாய்க்கு அடியில் பதிவு செய்யப்பட்டது). அவள் 150 என்று சொல்லி ஜிப்பைத் திறக்கிறாள். உடனே, "எடுத்துக்கங்கக்கா, உங்க கையால போணி." எனவே அக்கா என்பது உறவுப்பெயர் அன்று, ஜிப் திறந்த பணப்பைக்கு ஆகிவந்த ஆகுபெயர்.

4. சட்டமிட்ட மேற்கோள்

வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி என்று காந்தியின் பெயரில் ஒரு வாசகம் அலுவலகச் சுவர்களில் தொங்கும். காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அவருடைய தொகுப்பு நூல்கள் 100 தொகுதிகள். புரட்டிப் பார்ப்பதைவிடச் சட்டம் போட்டு மாட்டுவது எளிது. ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளும் பெரும்பாலும் இம்முறையிலேயே மாட்டப்படுகின்றன.

5. பில் இயல்

காசு கைமாறியதும் கிடைப்பவை இரண்டு: பை, பில். பையில் "நன்றி, மீண்டும் வருக" (வலப்பக்கம், கைப்பிடிக்குக் கீழே, பிள்ளையாருக்கு மேலே). வருக என்பது வியங்கோள். அது வாழ்த்தலா, வேண்டலா, விதித்தலா என்பது தீராத வழக்கு. பில்லில், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" (கார்பன் பிரதி, அடிவரி, மை மங்கிய இடத்தில் 'திருப்பி' எனவும் பாடம், 'படமாட்டாது' இடைச்செருகல் எனக் கருதுவாரும் உளர், அவர்கள் பொருளை மாற்றப் போனவர்கள்). இரண்டையும் சேர்த்து உரை காணின்: நீங்கள் மீண்டும் வரலாம், பொருள் வரக்கூடாது.

பில்லில் அக்கா இல்லை, சார் இல்லை, நீங்களும் இல்லை. பெறமாட்டேன் என்று சொல்கிறவரும் இல்லை. எழுவாய் ஓடி ஒளிந்துகொள்ளச் செயப்பாட்டுவினையைப்போல வாகான இடம் வேறில்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வேறு உரை சொல்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. இவ்வுரை பில் புத்தகம் அடிக்கும் அச்சகங்கள் பலவற்றை இன்னும் எட்டவில்லை.

6. முடிவுகள்

அ) மரியாதை காசு கைமாறும் வரை முன்னிலையில் இருக்கும், மாறியதும் செயப்பாட்டுவினைக்குப் போய்விடும்.

ஆ) "இந்தக் கலர் சாயம் போகும், எடுக்காதக்கா" என்று சொல்பவர் அரிதாகத் தென்படுகிறார். எடுக்காத என்ற ஒருமையிலும் மரியாதை குறையாத ஒரே இடம் இது. எந்த வகையிலும் அடங்காமல் ஆய்வைக் கெடுப்பதால் இத்தரவு நீக்கப்பட்டது.

இ) களப்பணியின்போது எடுக்க நேர்ந்த புடவைகளுக்காகப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் நல்கை கோரப்பட்டது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கிய பதில், "தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படமாட்டாது" என்று முடிந்தது.