ஊதிக் குடிக்கவும்: தூதுவர் கையில் போன்

போன வாரம் போகிற போக்கில், "தூதுவர்கள் எல்லாம் ட்விட்டரில் குடியேறிவிட்டார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். மழைக்கு மலையில் வேலை நின்ற இரண்டு நாளில் வட்ஸ்அப் நிரம்பிவிட்டது. ட்விட்டர் கம்பெனிக்கு இப்போது 'எக்ஸ்' என்று பெயராம். பாடசாலையில் எக்ஸ் என்றாலே எனக்குக் கணக்கு வாத்தியாரின் பிரம்புதான் ஞாபகம் வரும். ஆகவே இந்தப் பக்கத்தில் அது ட்விட்டர்தான்.

கே: தூதுவர் என்றால் காதோடு காதாகப் பேசுகிறவர் என்று படித்தோம். இவர்கள் நாள் முழுக்க ஊரறியப் பேசுகிறார்களே, சட்டம் இல்லையா? (ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, நோர்வூட்)

ப: இருக்கிறது ஐயா. 1961இல் எழுதிய வியன்னா உடன்படிக்கையின் 41ஆம் உறுப்புரை. போன நாட்டின் உள்வீட்டு விஷயத்தில் தலையிடாதே, அரசாங்க அலுவல் எதுவானாலும் அந்நாட்டு வெளிவிவகார அமைச்சு வழியாகப் பேசு என்று சொல்கிறது. அதாவது, பெரிய துரையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆபிஸ் வாசலில் நில். அதை எழுதிய காலத்தில் வேறு வாசல் கிடையாது. இப்போது தூதுவர் நேராக லயத்துக்கு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்துகொள்கிறார். 2022 ஜூலை 22 விடியுமுன் காலிமுகத்திடல் போராட்டக் களத்துக்குள் படையினர் புகுந்தபோது, அமெரிக்கத் தூதுவர் ஜூலி சங் தன் கவலையை ட்விட்டரில் போட்டார். ஜனாதிபதியைப் பார்த்தும் சொன்னார். ஆனால் ஊர் பார்த்தது முதலாவதைத்தான். துரைக்குச் சொல்ல வேண்டியதை லயத்தில் நின்று சத்தமாகச் சொன்னால் அது தானாகப் பங்களாவுக்குப் போய்ச் சேரும் என்பது நம் கங்காணிமாருக்கு நூற்றைம்பது வருடமாகத் தெரிந்த வித்தை. தூதுவர்கள் இப்போதுதான் படிக்கிறார்கள்.

கே: தூதுவர்களுக்கு டிக்டொக் தேவையா? (அட்டன்)

ப: என் மருமகனுக்கே தேவையில்லை.

கே: சீனத் தூதரகத்தின் ட்விட்டர் கணக்கையே முடக்கினார்களாமே, உண்மையா? (டின்சின் தோட்டத்து இளைஞன்)

ப: கேள்வியைவிட உன் விலாசம்தான் தம்பி எனக்குப் பிடித்தது. டின்சின் என்பது சீனாவின் தியான்ஜின் நகரத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பழைய உச்சரிப்பு. 1858இல் அந்த ஊரில் போட்ட ஒப்பந்தத்தில்தான், பீக்கிங்கில் தூதுவர்களை நிரந்தரமாகக் குடிவைக்கும் உரிமையை மேல்நாட்டார் அடித்துப் பிடுங்கினார்கள். எந்தத் துரைக்கு என்ன நினைப்போ, பொகவந்தலாவை மலைக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே சீன இராஜதந்திரம் பற்றிப் பேச உனக்குப் பிறப்புரிமை இருக்கிறது.

உண்மைதான். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், கொழும்புச் சீனத் தூதரகம் ட்விட்டரில் ஊர்ப் பொடியன்களோடு சரிக்குச் சரி வாதாடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கணக்கு முடங்கியது. தூதரகம் கருத்துச் சுதந்திரம் எங்கே என்று கேட்டது. தன் ஊரில் ட்விட்டரைத் திறக்கவே விடாத நாடு அப்படிக் கேட்டதைப் படித்தபோது எனக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. மறுநாளே கணக்குத் திரும்பிவிட்டது.

அதைவிடப் பெரிய கூத்து 2021 ஒக்டோபரில். இரசாயன உரத்தை நிறுத்திவிட்டுச் சீனாவில் சேதனப் பசளை வாங்கப் போனோமல்லவா? பசளையில் கூடாத கிருமி இருக்கிறதென்று நம்மவர் கப்பலைத் திருப்ப, நீதிமன்றத் தடையால் மக்கள் வங்கி பணம் கொடுக்காமலிருக்க, சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்ட செய்தியை ட்விட்டரில் ஏற்றியது. கடன்காரன் பெயரைக் கடைப் பலகையில் எழுதி வைக்கும் முதலாளியைப் பார்த்திருக்கிறாய். ஒரு வல்லரசு செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு 6.7 மில்லியன் டொலர் கொடுத்தோம். பசளை வரவில்லை. அந்த வருடம் உங்கள் மலையில் கொழுந்து எப்படி இருந்ததென்று அம்மாவைக் கேள்; தூதரகத்தை விடச் சுருக்கமாகச் சொல்வார்.

கே: ஒரே ஒரு பதிவால் ஒரு தூதுவரின் வேலை போகுமா? (தலவாக்கலை)

ப: போயிருக்கிறது. 2018 ஆகஸ்டில் கனடா, சவூதியில் பிடிபட்ட பெண் செயற்பாட்டாளர்களை விடுவிக்கச் சொல்லிப் பதிவு போட்டது. ஆங்கிலத்தில் போட்டதோடு நிற்காமல் ரியாத்தில் இருந்த தூதரகம் அதை அரபியிலும் போட்டது. ஆங்கிலத்தில் இருந்தவரை அது மேலிடத்துச் சங்கதி. அரபியில் வந்ததும் சவூதிக்காரன் வீட்டு இஸ்தோப்புக்கு வந்துவிட்டது. கனடாத் தூதுவர் வெளியேற்றப்பட்டார், கனடாவில் படித்த தம் மாணவர்களைச் சவூதி திருப்பி அழைத்தது. உறவு சீராக 2023 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் சாட்சி: மொழிபெயர்ப்பு விளையாட்டல்ல. 2021 மே மாதம் கொழும்புச் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியில் வந்த நூலகத்தின் பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழுக்கு இடம் போதவில்லை. படம் ஊரெல்லாம் பரவிய பிறகு பலகை இறங்கியது. தமிழ் இருக்கிற பலகைகளில் இருக்கும் எழுத்துப் பிழைக்குத் தூதுவர்களை வெளியேற்றுவதென்றால் கொழும்பில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். உள்ளூர்த் திணைக்களத் தலைவர்களும்தான்.

கே: இந்தியாவும் சீனாவும் நம் நாட்டை வைத்து ட்விட்டரில் சண்டை பிடித்தது சரியா? (சாமிமலை ஆசிரியர்)

ப: 2022 ஆகஸ்ட் 16 யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. கப்பல் போன பிறகு சீனத் தூதுவர் ஒரு கட்டுரையில், வடக்கே இருக்கும் அயல்வீட்டுக்காரர் இலங்கையை எத்தனை தடவை ஆக்கிரமித்தார் என்று பழைய கணக்கைக் கிளறினார். மறுநாள் இந்திய உயர்ஸ்தானிகராலயம் ட்விட்டரில், இது அவருடைய சொந்தக் குணமா, அவர் நாட்டுக் குணமா என்று கேட்டது. பீலிக்கரையில் இரண்டு பேர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள் சேர். தண்ணீர் நம் பீலியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். நாம் மட்டும் வரிசையில் கடைசி.

கே: இராஜதந்திரத்தில் எமோஜி பயன்படுமா? (வட்டவளை)

ப: 2015இல் அவுஸ்திரேலிய வெளிவிவகார அமைச்சர் ஒரு பேட்டிக்கு எமோஜியாலேயே பதில் சொன்னார், புட்டினுக்குக் கிடைத்தது சிவந்த கோப முகம். உங்களுக்கு என் பதில்: கொட்டாவி முகம்.

கே: தூதுவர்கள் தோட்டத்துக்கு வந்து கூடையோடு படம் எடுத்துப் போடுகிறார்களே, உங்கள் அபிப்பிராயம்? (கொட்டகலை வாசகி)

ப: இதற்காகவே காத்திருந்தேன் தங்கச்சி! அந்தப் படங்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் வெயில். எல்லாவற்றிலும் சிரிப்பு. கொழுந்துப் பை காலியாக இருப்பதால் முதுகு நிமிர்ந்திருக்கும். மட்டக்கம்பு இருக்காது. படங்கு கட்டியிருக்க மாட்டார்கள். அட்டை கடிக்காது, அட்டைக்கும் இராஜதந்திர விலக்கு தெரியும் போல. விரலுக்கு நடுவில் பிடித்திருப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமல்ல, முற்றின இலை. நிறுவைக்குக் கொண்டுவந்தால் கணக்கப்பிள்ளை அதை எடுத்து வீசிவிட்டுத்தான் தராசைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் நம் அக்காவை மட்டும் கவனியுங்கள். அவர் கமராவைப் பார்ப்பதில்லை. எத்தனை கிலோ போச்சு என்று மலையைப் பார்க்கிறார்.

இன்னொன்று. படம் எடுப்பதைப் பற்றி பொகவந்தலாவையில் விளையாட்டாகப் பேசக்கூடாது. நம் சென் மேரிஸ் தேவாலயக் கல்லறையில்தான் ஜூலியா மார்கரெட் கமரோன் கிடக்கிறார். உலகம் கொண்டாடும் ஆதிகாலப் புகைப்படக்காரி, 1879இல் காலமானவர். பக்கத்திலேயே அவர் கணவர். 1833 கோல்புறூக் – கமரோன் சீர்திருத்தத்தில் வரும் அதே கமரோன். அம்மையார் காலத்தில் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். சிரித்துக்கொண்டே உட்கார முடியாது, வாய் வலிக்கும். அதனால்தான் அவருடைய படங்களில் முகம் முகமாக இருக்கிறது. தூதுவர்மாரும் அப்படி ஐந்து நிமிடம் கொழுந்து மலையில் அசையாமல் நிற்கட்டும். அட்டை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கே: 2017இல் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது நீங்கள் போனீர்களா? (பொகவந்தலாவை)

ப: மே 12. போனேன், மைதானத்தின் கடைசிப் பக்கம். அத்தனை ஆயிரம் போனும் ஒரே நேரத்தில் வேலை செய்ததில் சிக்னல் செத்துவிட்டது, ஒலிபெருக்கியும் எங்கள் பக்கம் இரைந்தது. பத்தாயிரம் வீடு மேலதிகமாக அறிவித்ததைச் சென்னையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் மாலையில் எடுத்துச் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

கே: ட்விட்டரில் பேசித் தேயிலை விற்கலாமா? (ஸ்டோர் வேலைக்காரர், மஸ்கெலியா)

ப: 2017 டிசம்பரில் ரஷ்யா, சிலோன் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று நம் தேயிலையையே நிறுத்தியது. கொழும்பு பதறியது. நம் ஜனாதிபதி, புட்டினுக்குக் கடிதம் எழுதினார். 2018 தொடங்கி அஸ்பெஸ்டஸைத் தடை செய்வதாக இருந்தோம். ரஷ்யாதான் அதை நமக்கு விற்பவர். நாம் தடையைத் தள்ளிவைத்தோம், அவர்கள் வண்டை மன்னித்தார்கள். ஈரானுக்கு எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலர்; அதைத் தேயிலையாகத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு வந்தது. லைக் போட்டுத் தீர்ந்த கடன் எதையும் நான் கண்டதில்லை.

கே: மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கஷ்டம் என்று அழுகிறாள். வீடியோ எடுத்துப் போட்டால் தூதரகம் பார்க்குமா? (பெயர் வேண்டாம், லெச்சுமி தோட்டம்)

ப: அம்மா, இதற்கு நான் பகிடி விடமாட்டேன். வீடியோ பரவினால் அதிகாரிகள் அசைவார்கள், உண்மைதான். ஆனால் தூதரகம் பார்க்குமுன் அந்த வீட்டு முதலாளி பார்த்துவிட்டால் பிள்ளையின் கையிலிருக்கும் போன் போய்விடும். அதனால் அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுங்கள். கடவுச்சீட்டின் முன்பக்கம், ஒப்பந்தம், அனுப்பிய ஏஜென்சியின் பெயர், அங்கிருக்கும் வீட்டின் இடம், இவை நான்கையும் உங்கள் போனில் படமாக வைத்திருங்கள். மகளிடம் வட்ஸ்அப்பில் தன் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்பியதும் தன் போனில் அழித்துவிடட்டும். முறைப்பாடு கொடுத்தால் இலக்கம் ஒன்று தருவார்கள், எழுதி வையுங்கள். இந்தியாவில் சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது இப்படி மாட்டியவர்களுக்கு ட்விட்டரிலேயே பதில் சொன்னார். பழுதான குளிர்சாதனப் பெட்டிக்கு நியாயம் கேட்ட ஒருவரிடம், நான் கஷ்டத்திலிருக்கும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் தம்பி என்றார். நமக்கு அப்படி ஒருவர் வாய்க்கும்வரை 1989.

கே: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்த காலத்தில் ட்விட்டர் இருந்திருந்தால்? (பல்கலைக்கழக மாணவர், பொகவந்தலாவை)

ப: 1964 ஒக்டோபர் 30. இரண்டு பிரதமர்களும் கைகுலுக்கும் படம் வந்திருக்கும். நட்புறவு என்று இரண்டு அரசாங்கமும் மாறி மாறிப் பதிந்திருக்கும். நம்மவர் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்ற கணக்கு கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கும். நாம் கத்தியிருப்போம். ஆனால் 1948லேயே நம் குடியுரிமையைப் பறித்தாயிற்று. வாக்கில்லாதவன் போடும் லைக்கை யார் எண்ணுவார்?

என் அப்பாயியின் தங்கச்சி அட்டன் ஸ்டேசனில் ஏறினார். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதான். வருடத்துக்கு ஒரு நீலநிற ஏரோகிராம் வரும். எழுதத் தெரியாதவர், யாரையாவது வைத்து எழுதுவார். ஆகவே ஒவ்வொரு வருடமும் கையெழுத்து வேறாக இருக்கும். அப்பாயி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கமாட்டார், முதலில் முகர்ந்து பார்ப்பார். போன மாதம் அந்தப் பாட்டியின் பேத்தி வட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து, "மாமா, உங்க மலையைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவள் தன் மலையைக் காட்டினாள். இரண்டிலும் மூடுபனி. எது யாருடையதென்று கொஞ்ச நேரம் எங்களுக்கே தெரியவில்லை.

கே: வெளிநாட்டுத் தூதுவர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன கொடுப்பீர்கள்? (நுவரெலியா)

ப: சாயத் தேத்தண்ணி, கையில் கொஞ்சம் சீனி. டீ பேக் கொண்டுவந்தால் மட்டும் வாசலிலேயே நிறுத்துவேன். தூதுவரின் பையை யாரும் திறக்கக்கூடாது என்று வியன்னா உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது. திறக்கமாட்டேன். அப்படியே திருப்பிக் கொண்டுபோகட்டும்.