யாரு வெச்ச ஆளு?

கங்காணிகள் ஒழிந்துவிட்டதாக யார் சொன்னது? இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துத் தலைக்காசு வாங்கியவர் தலைப்பாகையும் கோட்டும் போட்டிருந்தார். இன்று ஹைதராபாத்தில் 'மேன்பவர் ஏஜென்சி' என்று பலகை மாட்டி, ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பிரம்பு இல்லை. அந்த வேலையை அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது.

ஆமாம், அரசாங்கம்தான். தெலங்கானாவில் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் கம்ப்யூட்டரில் தட்டுகிறவர், ஜீப் ஓட்டுகிறவர், கக்கூஸ் கழுவுகிறவர் எனப் பாதிப்பேர் அவுட்சோர்சிங்காக இருப்பார்கள். 2021 ஊதிய உயர்வில் இவர்களுக்கு மூன்று தட்டு வைத்தார்கள்: 15,600, 19,500, 22,750. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தது போக மிச்சம் கைக்கு, அதுவும் வந்தால். ஏன் சார் இன்னும் வரவில்லை என்றால், அதிகாரி "உங்க ஏஜென்சியைக் கேளும்மா" என்பார். ஏஜென்சிக்காரரோ, "கவர்மெண்ட் பில் பாஸ் பண்ணலையேம்மா, நான் என்ன, எம்பொண்டாட்டி நகையை அடகு வெச்சா குடுக்க முடியும்?" என்பார். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால், வேலை வாங்கிய முதலாளி கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். இங்கே அந்த முதலாளி அரசு. பில்லை முடக்குவதும் அரசு. சட்டத்தை அமல்படுத்தும் தொழிலாளர் துறையும் அரசு. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள எவருக்கு மனசு வரும்?

2020இல் கொரோனா வந்தது. மார்ச் 22 மாலை மாடியில் நின்று தட்டு தட்டினோமே, அந்தத் தட்டுச் சத்தம் ஹைதராபாத் காந்தி ஆஸ்பத்திரிக்கும் கேட்டிருக்கும். அங்கே கொரோனா வார்டில் நின்ற அவுட்சோர்சிங் நர்சுகளுக்குச் சம்பளம் 17,500. பக்கத்திலேயே நிரந்தர நர்ஸ். அதே கவச உடை, அதே நோயாளி, அதே கிருமி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லியாயிற்று. கிருமி அந்தத் தீர்ப்பை மதித்தது, அரசு மதிக்கவில்லை. ஜூலையில் அவர்கள் வார்டை விட்டு வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் அரசு 25,000க்கு இறங்கிவந்தது.

தனி மாநிலம் கிடைத்தால் காண்டிராக்ட் முறையே இருக்காது என்றவர் முன்னாள் முதல்வர் கே.சி.ஆர். வாக்கைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 30, புதுத் தலைமைச் செயலகத் திறப்பு விழா அன்று 5,544 காண்டிராக்ட் ஊழியர்களை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். அவுட்சோர்சிங்காரர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்கள் ஏஜென்சியின் ஆட்களாயிற்றே!

இந்த வித்தையைச் சட்டமாக்கிய பெருமையும் ஹைதராபாத்துக்கே. 2003இல், ஒன்றுபட்ட ஆந்திரத்தின் சந்திரபாபு நாயுடு ஆட்சி 1970 சட்டத்தைத் திருத்தி, வேலைகளை முக்கியமானது, முக்கியமில்லாதது என்று பிரித்தது. துப்புரவு, காவல், கேன்டீன், மூட்டை ஏற்றி இறக்குவது எல்லாம் முக்கியமில்லாதவை. தாராளமாகக் காண்டிராக்டில் விடலாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பெருக்காமல் விட்டுப் பார்க்கட்டும், எது முக்கியம் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பட்டியல் டெல்லிக்குப் பிடித்துப்போயிற்று. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஏறி, 2025 நவம்பர் 21 முதல் நாடு முழுக்க அமலாகியிருக்கிறது. முன்பு 20 பேர் இருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இப்போது 50 பேர் வேண்டும். இனி ஏஜென்சிக்காரர்களுக்கு ராசியான எண் 49.

பக்கத்து ஆந்திரத்தில் இடைத்தரகரை ஒழிக்கிறோம் என்று அரசே ஒரு கார்ப்பரேஷன் தொடங்கி அவுட்சோர்சிங் ஆட்களை அதில் சேர்த்தது. தரகர் இல்லாமலே சம்பளம் போடலாம் என்று அரசுக்கே தெரியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? வேலை கொடுப்பது பெரிய காரியமில்லை; கொடுத்தவன் நானில்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பொய்க்குத்தான் கமிஷன்.

தெலுங்குதேசத்துச் சங்கதிதானே என்று சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களை வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனது போலீஸ். அந்தப் போலீஸ்காரர்கள் நிரந்தர ஊழியர்கள்.