கடைசி ஓவரும் பி.பி. மாத்திரையும்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்கு அருகே யாரையும் வெடி வைக்க விடமாட்டார்கள். கோழி மிரண்டால் முட்டை குறையும். பண்ணை வைத்திருக்கும் என் மச்சான் இதில் ரொம்பக் கறார். ஆனால் ராத்திரி மேட்ச் என்றால் தன் நெஞ்சுக்குள் மட்டும் ஆயிரம்வாலாவைக் கொளுத்திக்கொண்டு உட்காருவார்.

2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தை அவர் வீட்டில்தான் பார்த்தேன். அகமதாபாத்தில் மழை பெய்து, ஓவரைக் குறைத்து, மே 30 விடியற்காலை வரை இழுத்துவிட்டார்கள். தோனி முதல் பந்திலேயே அவுட். மச்சானுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏனுங்க, பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்றாள் அக்கா.

"இப்ப எந்திரிச்சா அடுத்த விக்கெட் விழும்."

"நான் கொண்டாந்து தர்றேன்."

"நீயும் எந்திரிக்காத!"

ஆக, ரத்த அழுத்தம் ஏறும் நேரத்தில் மாத்திரை போடக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தின் மருத்துவக் கொள்கை. இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்றபோது ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்தார். கோப்பை சென்னைக்கு வந்தது. தான் அசையாமல் இருந்ததால்தான் வந்தது என்று மச்சான் இன்றும் நம்புகிறார்.

மேட்ச் பார்த்து நெஞ்சு பதறுவது நம் ஊர்க் கிறுக்கு மட்டுமல்ல. 2006 உலகக் கோப்பை கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறு அவசரங்கள் வழக்கத்தைப் போல 2.66 மடங்கு, ஆண்களுக்கு மட்டும் பார்த்தால் 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் உச்சம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கனடாவில் ஐஸ் ஹாக்கி ரசிகர்களின் நாடித் துடிப்பை அளந்தபோது, டி.வி. முன்னால் இருந்தவர்களுக்கே முக்கால் பங்கு எகிறியிருந்தது.

உடம்புக்கு டி.வி. என்று ஒன்று இருப்பது தெரியாது. பதற்றம் வந்தால் அட்ரினலினைக் கொட்டும். துடிப்பு ஏறும், ரத்தக் குழாய் சுருங்கும். ஆடுகிறவர் அதை ஓடித் தீர்த்துவிடுவார். நாம் தட்டுவடை செட்டைக் கொறித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம்.

சேலத்துக்காரர்களுக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக முதன்முதலில் ஆடிய நாளிலிருந்து, சின்னப்பம்பட்டி நடராஜன் மாவட்டத்தில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர். அவர் யார்க்கர் தவறி ஃபுல்டாஸ் ஆனால் தாரமங்கலத்தில் யாரும் யார் முகத்திலும் முழிப்பதில்லை.

மேட்ச் பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. டாஸ் போடுவதற்கு முன்பே மாத்திரையைப் போட்டுவிடுங்கள். உப்புப் பண்டத்தைக் குறையுங்கள். ஓவருக்கு ஓவர் எழுந்து நடங்கள். விக்கெட் விழுந்தால் பழியை என் மேல் போடுங்கள். நெஞ்சு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, "இந்த ஓவர் முடியட்டும்" என்று மட்டும் இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஹைலைட்ஸ் நாளைக்கும் போடுவார்கள்.